நிறமும் நலமும்

விழுப்புரம் தமிழகத்தின் பெரிய தொடர்வண்டிச் சந்திப்புகளுள் ஒன்று. சென்னை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி ஆகிய ஊர்களை நோக்கி அங்கிருந்து இருப்புப் பாதைகள் பிரிகின்றன. அதற்கு வடக்கே உள்ள திண்டிவனமோ சாலைகளின் சந்திப்பு. சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலை அவ்வூரில் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் கிளைவிடுகின்றது. ஆதலின் காலை வேளையில் இவ்விரு நகரங்களிலும் மாணவர் கூட்டம் பெருகி நிற்கும். சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பேருந்து ஏறியும் மிதிவண்டி மிதித்தும் பள்ளிக்கு வருவோர் மிகப் பலர்.

அக்கூட்டத்தை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். தலை படிய வாரப்பட்டிருக்கும். முகத்தில் பவுடர் மணக்கும். சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும். ஆனால், 'காலையில் என்ன உண்டாய்?' என்று வினவினால், 'தேநீர் குடித்தேன்' என்றும், 'உண்ண நேரம் இல்லை' என்றும் விடை கூறுவோர் அவர்களுள் பலராக இருப்பர். கண்ணாடியின் முன் நிற்பதற்குக் கால்மணி நேரம் கிடைத்தது. தட்டின் முன் அமர்வதற்கு ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை!

தோற்றத்தைப் பேணுதல் குற்றம் என்று எவரும் கூறார். குளித்த உடலும், துவைத்த உடையும், வெட்டிய நகமும் பிறர்க்குச் செய்யும் மரியாதையே ஆகும். அவற்றில் தோற்றமும் நலமும் கைகோத்துச் செல்கின்றன. இடர் வேறோர் இடத்தில் உள்ளது. 'அழகு' என்னும் பரந்த சொல் நாளடைவில் சுருங்கி, 'வெளுத்த நிறம்' என்னும் ஒரே பொருளில் வந்து நின்றுவிட்டது. குழந்தை பிறந்த வீட்டில் அதன் எடை என்ன என்று கேட்பாரினும் நிறம் என்ன என்று கேட்பாரே மிகுதி. மணமகள் தேடுவோர் படிப்பையும் குடும்பத்தையும் கேட்டு முடித்தபின் குரலைத் தாழ்த்திக் கேட்பது நிறத்தைப் பற்றியே. கருநிற மகளைப் பெற்ற தாய், அம்மகளின் காதுபடவே அதனை ஒரு குறையாகச் சொல்லி வருந்துவதும் உண்டு. வளரும் பிள்ளையின் உள்ளத்தில் அச்சொல் எத்தனை ஆண்டுகள் தைத்திருக்கும் என்பதைப் பெரியோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வாறு வெண்மைக்குப் பழகிய கண், நோயையும் அழகென்று காணத் தொடங்கிவிடுகிறது. சிற்றூரில் வளர்ந்த பெண் ஒருத்தி நகரத்துப் பள்ளிக்குச் செல்கிறாள் என்று கொள்வோம். காலை உணவைத் தவிர்க்கிறாள். மாலையில் களைத்து வந்து அரை வயிறு உண்கிறாள். ஓராண்டு கழிகிறது. விடுமுறைக்கு வந்த அத்தை அவளைக் கண்டு, 'டவுனுக்குப் படிக்கப் போனதும் பெண்ணுக்கு நல்ல நிறம் வந்துவிட்டதே!' என்று மகிழ்கிறாள். உண்மையில் வந்தது நிறம் அன்று. குருதியில் இருந்த செம்மை குறைந்திருக்கிறது. அதற்குச் சோகை என்று பெயர்.

குருதிக்குச் செந்நிறம் தருவது ஹீமோகுளோபின் என்னும் பொருள். மூச்சினால் உட்கொள்ளும் உயிர்க்காற்றை நுரையீரலிலிருந்து ஏந்திச் சென்று உடலின் ஒவ்வோர் அணுவுக்கும் அளிப்பது அதுவே. அப்பொருள் உருவாக இரும்புச் சத்து இன்றியமையாதது. இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும். அது குறைந்தால் மூளைக்கும் தசைக்கும் உயிர்க்காற்றுக் குறையும். படியேறினால் மூச்சு வாங்கும், படித்தது மனத்தில் நில்லாது, நெஞ்சு படபடக்கும். வகுப்பில் இத்தகைய மாணவியைச் 'சோம்பேறி' என்று கடிந்துகொள்ளும் ஆசிரியர்களும் உளர். பின்னாளில் அவள் தாயாகுங்கால் இக்குறை அவள் உயிருக்கும் குழந்தையின் உயிருக்குமே இடராக முடியலாம். 2019 முதல் 2021 வரை நடத்தப்பெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேர் சோகை உடையவர்கள். ஒரு வகுப்பில் நாற்பது மாணவியர் இருந்தால் அவர்களுள் இருபதுக்கு மேற்பட்டோர் எனக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

சோகை உண்டா என்று அறிய விரும்பும் மருத்துவர் கன்னத்தைப் பார்ப்பதில்லை. கீழ் இமையைச் சற்றே இழுத்து அதன் உட்புறத்தைப் பார்க்கிறார். நாவை நீட்டச் சொல்கிறார். நகத்தின் அடியையும் உள்ளங்கையையும் நோக்குகிறார். ஐயம் தோன்றினால் குருதியைச் சோதிக்கச் சொல்கிறார். கருநிறத்தார் ஆயினும் வெளிர்நிறத்தார் ஆயினும் அவ்விடங்கள் நலமுடையார்க்குச் சிவந்தே காணப்படும். பவுடர் பூசும் இடம் ஒன்றுகூட அவர் பார்க்கும் இடங்களுள் இல்லை என்பது கருதத் தக்கது.

வெண்மை மீது கொண்ட இம்மயக்கம் முகத்தோடு நின்றதில்லை. உண்ணும் சோற்றிலும் புகுந்து ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பல உயிர்களைக் கொள்ளைகொண்டது. அவ்வரலாறு அறியத் தக்கது. கையால் குத்திய அரிசியில் தவிட்டின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டிருக்கும். நிறம் சற்றே பழுத்திருக்கும். இயந்திர ஆலைகள் வந்தபின் தவிடு முழுவதும் நீங்கி, முத்துப்போல் வெளுத்த அரிசி கிடைத்தது. மக்கள் அதனை நாகரிகம் என்று எண்ணி விரும்பி வாங்கினர். அதே காலத்தில் ஆசிய நாடுகள் பலவற்றில் பெரிபெரி என்னும் நோய் பரவிற்று. கால்கள் மரத்துப்போயின, நடை தளர்ந்தது, இதயம் நலிந்து பலர் இறந்தனர்.

சாவகத் தீவில் பட்டேவியா நகரில், இந்நாளைய சகார்த்தாவில், ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் 1890-களில் இந்நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து வீழ்ந்தன. சில காலம் கழித்துத் தாமாகவே தேறின. காரணத்தைத் தேடியபோது வியப்பான செய்தி ஒன்று வெளிப்பட்டது. கோழிகளுக்கு இராணுவ மருத்துவமனையின் அடுக்களையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு இடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர் இராணுவத்தின் சோற்றைப் பொதுமக்களின் கோழிகளுக்குத் தர இயலாது என்று மறுத்துவிட்டார். அதன்பின் தவிடு நீங்காத மலிவான அரிசி இடப்பட்டது. கோழிகள் எழுந்து நடந்தன. அச்சமையற்காரரின் கண்டிப்பு மருத்துவ உலகத்துக்குச் செய்த உதவி சிறிதன்று! தவிட்டில் இருந்து நோயைத் தடுத்த அப்பொருள் தயமின் என்னும் உயிர்ச்சத்து எனப் பின்னர் அறியப்பட்டது. ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

தமிழ்நாட்டிலும் இவ்வாராய்ச்சி நடந்தது. நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் 1918-ஆம் ஆண்டு இராபர்ட் மெக்கரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். ஓர் அறையில் தொடங்கிய அப்பணியே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகத் திகழ்கிறது. மெக்கரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறிகள் உண்ட எலிகள் நன்கு கொழுத்தன. சென்னை மாகாணத்து ஏழை மக்கள் உண்ட அரிசியே மிகுந்த உணவைப் பெற்றவை வளர்ச்சி குன்றின.

எனினும் தமிழர் வாழ்ந்த மாவட்டங்களில் பெரிபெரி பெரிதும் தலைகாட்டவில்லை. ஆந்திரக் கடற்கரைப் பகுதியிலேயே அது மிகுதியாகக் காணப்பட்டது. காரணம் என்ன? ஆந்திரக் கடற்கரை மக்கள் பச்சரிசி உண்டனர். தமிழர் பெரும்பாலும் புழுங்கலரிசி உண்டனர். நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால் தவிட்டில் உள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் ஆலையில் தீட்டினாலும் அது முழுவதும் நீங்குவதில்லை. விருந்து நாளில் மங்கலான நிறம் என்று ஒதுக்கப்பட்ட அப்புழுங்கலரிசியே நாள்தோறும் ஏழையின் உயிரைக் காத்து வந்தது.

சோகைக்குப் புழுங்கலரிசி மட்டும் போதுமா? போதாது. தீட்டிய அரிசி நூறு கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்பும் முழுமையாக இல்லை. கம்பில் ஏறத்தாழ ஆறு மில்லிகிராம் உண்டு. கேழ்வரகில் எலும்பை வளர்க்கும் சுண்ணாம்புச் சத்து நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் உண்டு. இவை இரண்டும் விழுப்புரம், திண்டிவனம் பகுதியின் புன்செய் நிலங்களில் தலைமுறை தலைமுறையாக விளைந்தவை, நிறத்தில் கறுத்தவை. கருமையே அவற்றிற்குப் பழியாயிற்று. அரிசி வாங்கும் வசதி வந்ததும் கூழ்ப்பானை வறுமையின் அடையாளமாகிவிட்டது. ஆடி மாதத்தில் அம்மன் கோயிலில் வார்க்கும் கூழை வரிசையில் நின்று வாங்கிப் பருகும் குடும்பம், மற்றைய பதினொரு மாதங்களில் அதனை வீட்டில் காய்ச்ச நாணுகிறது. உலக நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானியங்களின் ஆண்டாக அறிவித்தபின், அதே கம்பும் கேழ்வரகும் பளபளக்கும் பைகளில் அடைபட்டுப் பெருநகரக் கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கின்றன. விளைத்த ஊரார் அவற்றை மறந்துவிட்டனர்.

நிலக்கடலையின் கதையும் இத்தகையதே. திண்டிவனத்தில் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அங்கு உருவாக்கப்பட்ட நிலக்கடலை இனங்கள் 'டி.எம்.வி.' என்னும் எழுத்துகளைத் தாங்கியவை. அவ்வெழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கும். அவற்றுள் 'டி.எம்.வி. 2' இந்தியாவின் பல மாநிலங்களில் பல்லாண்டுகள் பயிரிடப்பட்டது. கடலையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம் ஆகும். ஒரு கைப்பிடி அவித்த கடலையோ ஒரு கடலையுருண்டையோ பள்ளிப் பைக்குள் பாரமாக இராது. அங்ஙனமிருந்தும் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் மாணவர் கைகள் நாடுவது காற்றடைத்த பையில் உள்ள உருளைக்கிழங்கு வறுவலையே. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பூஞ்சணம் பிடித்த கடலையும் கறுத்துச் சுருங்கிய கடலையும் நஞ்சு உடையனவாக இருக்கலாம், அவற்றை எறிந்துவிடுதல் வேண்டும்.

இவற்றால், பழமை யாவும் நன்று, புதுமை யாவும் தீது என்று முடிவு செய்தல் பிழையாகும். திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. கடலுப்பில் இயற்கையாக உள்ள அயோடின் மிகச் சிறிதே. அது குறைந்தால் கழுத்தில் கழலை தோன்றும். கருவில் உள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் தடைப்படும். ஆதலின் உண்ணும் உப்பில் அயோடின் சேர்த்தல் வேண்டும் என்பது சட்டமாயிற்று. இங்குப் பழைய கல்லுப்பைவிட அயோடின் சேர்த்த புதிய உப்பே நல்லது. உணவின் நிறத்தையோ பழமையையோ பார்த்து மயங்காமல், அது உடலுக்குள் சென்று என்ன செய்கிறது என்று கேட்பதே அறிவுடைமை.

அக்கேள்வியை முகக் களிம்புகளிடமும் கேட்டல் வேண்டும். தோலுக்குக் கருமை தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். கடும் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களிலிருந்து தோலைக் காக்கும் குடை அது. விழுப்புரத்துச் சித்திரை வெயிலில் நடப்பவனுக்கு இயற்கை கொடுத்த அக்குடையைப் பணம் கொடுத்துக் கிழித்துக்கொள்வதை என்னென்பது! சில களிம்புகளில் பாதரசம் கலக்கப்படுகிறது. அது மெலனின் உருவாவதைத் தடுக்கும், முகம் வெளுக்கும். ஆனால் தோலின் வழியே குருதியில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயுடன் வந்த இளைஞர் சிலரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்கள் பூசிய வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் மிகுந்திருந்ததை 2023-இல் வெளிப்படுத்தினர். களிம்பை நிறுத்தியபின் பலர் தேறினர்.

இன்னொரு வகை ஸ்டீராய்டு கலந்த களிம்பு. தோல் நோய்க்கு மருத்துவர் சில நாட்களுக்கு மட்டும் தரும் மருந்து அது. அதனை நிறத்துக்காக மாதக்கணக்கில் பூசுவோரின் தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் நிறைந்து, வெயிலில் எரிகிறது. நிறுத்தினால் மேலும் எரிகிறது. 2018-இல் இந்திய அரசு இத்தகைய மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என விதித்தது. எனினும் தோழி சொன்னாள், கடைக்காரர் கொடுத்தார் என்று வாங்கிப் பூசுவோர் இன்றும் இருக்கின்றனர். ஆண் பிள்ளைகள் இம்மயக்கத்துக்கு விலக்கு என்று எண்ண வேண்டா. திரையில் கண்ட தோள்களைச் சில மாதங்களில் பெற விரும்பி, உள்ளே என்ன கலந்துள்ளது என்று அறியாத மாவுகளைப் பாலில் கரைத்துக் குடிப்போர் அவர்களுள்ளும் உண்டு.

நலத்தை வளர்க்கும் பழக்கங்களோ காண்பதற்கு மிகச் சிறியவை. சிறியவை ஆதலாலேயே அவை நிலைக்கும். புத்தாண்டு நாளில் விடியலில் எழுந்து ஐந்து கல் தொலைவு ஓடியவன் நான்காம் நாள் போர்வைக்குள் கிடப்பான். நாள்தோறும் மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்பவனுக்கு உடற்பயிற்சி என்னும் எண்ணமே தோன்றுவதில்லை. எனினும் அவன் கால்கள் உறுதிப்படுகின்றன. முன்பே செய்துவரும் ஒரு செயலோடு புதிய செயலை முடிந்து வைத்தால் அது தானே நடக்கும். முருங்கைக் கீரையும் பருப்பும் உண்ணும்போது எலுமிச்சம்பழச் சாறு சிறிது பிழிந்துகொள்வது அத்தகையது. கீரையில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை; புளிப்புக் கனியின் உயிர்ச்சத்து அதனை ஏற்கச் செய்கிறது. நெல்லிக்கனியும் கொய்யாவும் அப்பணியையே செய்கின்றன. தேநீரோ அதற்கு மாறானது. உணவுடன் பருகிய தேநீர் இரும்பைக் கட்டிப்போடுகிறது. தேநீரை விட வேண்டும் என்பதில்லை. உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளிப் பருகினால் போதும்.

செருப்பும் குருதியைக் காக்கும் என்றால் சிலர் நகைப்பர். ஈர மண்ணில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுள் புகுந்து, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். ஆதலின் கொல்லைப்புறம் செல்லும் சிறுவன் செருப்பணிந்து செல்வதும், பள்ளியில் தரப்படும் பூச்சி மாத்திரையை விழுங்குவதும் சோகையைத் தடுக்கும் வழிகளே.

பள்ளிகளில் வளரிளம் பருவத்தார்க்கு வாரம் ஒருமுறை இரும்புச் சத்து மாத்திரை தரும் திட்டம் 2013 முதல் நாடு முழுவதும் நடைபெறுகிறது. நீல நிறமுடைய அம்மாத்திரையை வாங்கிச் சன்னல் வழியே எறிந்துவிடும் மாணவர்களும் உண்டு. வயிற்றைக் குமட்டுகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டுவது இயல்பே. நண்பகல் உணவுக்குப்பின் விழுங்கினால் அத்தொல்லை பெரிதும் குறையும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்ச வேண்டியதும் இல்லை. காலை உணவை உண்டு வந்தவர்க்கு இவ்விடர்கள் குறைவு என்பதையும் கூற வேண்டும். தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்காகத் தமிழ்நாட்டு அரசு 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. விரைந்து வளரும் பதினான்கு, பதினைந்து வயதில் பசி இன்னும் மிகுதி. விடியலில் வயலுக்குச் செல்லும் தாய் அடுப்பு மூட்ட நேரமின்றிப் போனால், முதல்நாள் சோற்றை நீரிலிட்டு வைத்து, காலையில் சிறிய வெங்காயத்துடன் உண்டு செல்வது எவ்வகையிலும் இழிவன்று.

உறக்கமும் உணவைப் போன்றதே. வளரும் பருவத்தார்க்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும். நள்ளிரவு வரை கைப்பேசியில் பிறர் முகங்களைப் பார்த்துக் கிடந்தவன் காலையில் தன் முகத்தின் கருவளையத்தைக் கண்டு களிம்பு தேடுகிறான்! திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயர். அவ்வதிகாரத்தில் மூலிகை ஒன்றின் பெயரும் இல்லை. முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதைப் பற்றியே வள்ளுவர் பெரிதும் பேசுகிறார்.

இப்பழக்கங்களின் பயன் மறுநாளே கண்ணாடியில் தெரியாது. செங்குருதி அணு ஒன்றின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாட்கள். பழைய அணுக்கள் அழிந்து, நிறைவான இரும்புடன் புதியவை அவ்விடத்தை நிரப்பச் சில திங்கள் ஆகும். அதுவரை அத்தையும் தோழியும் எதனையும் காணமாட்டார்கள், பாராட்டவும் மாட்டார்கள். 'மீண்டும் கறுத்துவிட்டாயே!' என்று சிலர் வருந்தவும் கூடும். ஆனால் விழுப்புரம் நிலையத்தில் தொடர்வண்டியை விட்டு இறங்கி, புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேம்பாலத்தின் படிகளில் ஏறும் அப்பெண், முன்பு மூச்சு வாங்கக் கைப்பிடியைப் பற்றி நின்ற இடத்தில் இப்போது நில்லாமல், தோழியரோடு பேசிக்கொண்டே மறுபுறம் இறங்கிப் பள்ளிக்கு விரைவாள்.